மெடிக்கல் ஸ்கூல்: மறுபடி விண்ணப்பிக்குமுன்

அமெரிக்காவில் டிகிரி முடித்து, மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் அங்கிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

மகள் 22 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.7, எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) 509. அதில் கார்ஸ் (பத்தியைப் படித்துப் புரிந்து பதில் சொல்லும்) பகுதி மட்டும் 123. ஆகஸ்டில்தான் விண்ணப்பத்தை அனுப்ப முடிந்தது. ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது, அதுவும் வெயிட்லிஸ்டோடு நின்றுவிட்டது. எம்கேட்டை மறுபடி எழுதி, வரும் ஜூனிலேயே அனுப்பிவிடலாமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். நாலைந்து இன்டர்வியூ போயும் இடம் வரவில்லை என்றால் கோளாறு இன்டர்வியூவில் இருக்கிறது. எம்கேட் எழுதி அதைச் சரிசெய்ய முடியாது. இன்டர்வியூவே வரவில்லை என்றால் மதிப்பெண், அனுபவம், கல்லூரிப் பட்டியல், அனுப்பிய தேதி ஆகிய நான்கில் தேட வேண்டும். 22-க்கு ஒன்று என்பது இந்த இரண்டாவது வகை.

உங்கள் மகள் விஷயத்தில் தேதியே பெரிய காரணமாக இருக்கலாம். பல கல்லூரிகளுக்கும் பொதுவாக விண்ணப்பிக்கும் தளமான ஏஎம்சிஏஎஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்ப ஆரம்பிக்கலாம். சரிபார்த்த விண்ணப்பங்களின் முதல் தொகுதி ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போய்விடும். கோடையில் கூட்டம் கூடிவிட்டால் சரிபார்ப்புக்கே பல வாரம் பிடிக்கும். பெரும்பாலான கல்லூரிகள் வர வர அழைத்து இடத்தை நிரப்புகின்றன. ஆகஸ்டில் அனுப்பியது அவர்கள் மேஜைக்குப் போவதற்குள் இன்டர்வியூ நாள்களில் பல போயிருக்கும். எம்கேட் மதிப்பெண் வருமுன்பே விண்ணப்பத்தை அனுப்பலாம், சரிபார்ப்பு அதற்காகக் காத்திருக்காது. பலர் இது தெரியாமல்தான் தாமதிக்கிறார்கள்.

எம்கேட்டுக்கு வருவோம். சேர்ந்தவர்களின் சராசரி 511-512 என்பதால் 509 மோசமில்லை. உறுத்துவது அந்த 123. கார்ஸில் 90 நிமிடத்தில் 9 பத்தித் தொகுப்பு, 53 கேள்வி. ஒன்றுக்குப் பத்தே நிமிடம். மனப்பாடம் இங்கே உதவாது. தினம் இரண்டு தொகுப்பு, கடிகாரம் வைத்து, நாலைந்து மாதம். தவறான ஒவ்வொரு விடையையும் எதை நம்பித் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். பத்தியில் இல்லாததைத் தாமாகச் சேர்த்துக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சியின் முழுநீள மாதிரித் தேர்வுகளில் கடைசி மூன்றும் 513-க்கு மேல் வந்தால் எழுதட்டும். வராவிட்டால் வேண்டாம். எழுதியது எல்லாமே கல்லூரிக்குத் தெரியும், இறங்கிய மதிப்பெண் இருப்பதையும் கெடுக்கும். ஓர் ஆண்டில் 3, இரண்டு ஆண்டில் 4, வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம். எழுதி முடித்து வாய்டு செய்தாலும் (மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்தாலும்) அது ஒரு முறையாகக் கணக்காகும்.

நிராகரித்த கல்லூரிகளில் சில, கேட்டால் காரணம் சொல்லும். மின்னஞ்சலை மகள்தான் எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ போன் செய்தால் அதுவே அவருக்கு எதிராகப் போகும்.

ஜூன் பற்றி: எத்தனையோ கல்லூரிகள் செகண்டரியில் (முதல் விண்ணப்பத்துக்குப் பின் கல்லூரி தனியாகக் கேட்கும் கேள்விகளில்) "போன முறைக்குப் பின் என்ன மாறியிருக்கிறது?" என்று நேராகவே கேட்கின்றன. ஏப்ரல் மாதம் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதிப் பார்க்கட்டும். நடந்து முடிந்ததை வைத்து ஐந்து வரி வரவில்லை என்றால் ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். அந்த ஓர் ஆண்டு உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று தெரியும். ஆனாலும் மூன்றாம் முறை விண்ணப்பிப்பதைவிட அது மேல்.

மகனின் ஜிபிஏ 3.3. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி. அதைத் திரும்பப் படித்தால் பழைய கிரேடு போய்விடுமா? மாஸ்டர்ஸ் படிக்க வைக்கலாமா?
- வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

போகாது. ஏஎம்சிஏஎஸ் இரண்டு முறை படித்ததையும் சேர்த்தே கணக்கிடும். டிஓ பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளும் பழையதை நீக்கும் முறையை 2017-இல் விட்டுவிட்டன. சி மைனஸ் அல்லது அதற்குக் கீழ் என்றால் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். சி என்றால் பயோகெமிஸ்ட்ரி எடுத்து அதில் ஏ வாங்குவது நல்லது.

கணக்கைப் பாருங்கள். 120 கிரெடிட்டில் 3.3 என்றால் 396 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 516-ஐ 150-ஆல் வகுக்க 3.44. மொத்தம் அவ்வளவுதான் நகரும். ஆனால் ஏஎம்சிஏஎஸ் அட்டவணையில் போஸ்ட்-பேக் (டிகிரிக்குப் பின் படித்த பாடங்கள்) தனி வரியாக வரும், அந்த வரியில் 4.0 நிற்கும். கல்லூரியின் சேர்க்கைக் கமிட்டி அதைப் பார்க்கும். செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது எடுக்கட்டும். ஒவ்வொரு பாடமாகப் படித்து வாங்கிய ஏ, மெடிக்கல் ஸ்கூல் வேகத்தைத் தாங்குவார் என்பதைக் காட்டாது.

மாஸ்டர்ஸ் கிரேடு இளங்கலை ஜிபிஏவில் சேராது. மருத்துவ முதலாண்டுப் பாடங்களையே நடத்தும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் பி வாங்கினால் அதற்குமேல் காட்ட எதுவும் மிஞ்சாது. போஸ்ட்-பேக்கில் ஒரு செமஸ்டர் ஏ வாங்கிக் காட்டிய பிறகு அதை யோசியுங்கள்.

கோடை விடுமுறையில் மதுரையில் என் தம்பியின் ஆஸ்பத்திரிக்கு மகனை அனுப்பலாமா? ஊசி போட, தையல் போடக்கூடக் கற்றுத் தருகிறேன் என்கிறார்.
- வாசகி, டாலஸ், டெக்சாஸ்

போகட்டும், மாமாவுடன் நின்று பார்க்கட்டும். ஊசியையும் தையலையும் தொடவே கூடாது. அமெரிக்காவில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை ஏழை நோயாளி உடம்பில் பழகினார் என்றுதான் கமிட்டி அதைப் படிக்கும். மாணவர்கள் வெளிநாட்டில் இப்படிச் செய்வதற்கு எதிராக ஏஏஎம்சி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுதுவது தன் குறையைத் தானே எழுதிக் கொடுப்பதாகும். அந்த நோயாளிக்கும் அது நியாயமில்லை.

உறவினரோடு இருந்த மணி நேரத்துக்கு எடை குறைவு. டாலஸிலேயே ஸ்க்ரைப் (டாக்டருக்காகக் குறிப்பு எழுதுபவர்), மெடிக்கல் அசிஸ்டன்ட், ஈஎம்டி (ஆம்புலன்ஸ் முதலுதவியாளர்) வேலை, அல்லது ஹாஸ்பைஸில் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தன்னார்வப் பணி பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் ஒரே மாதம் 150 மணி நேரம் என்பதைவிட, வாரம் நாலு மணி நேரமாக ஓர் ஆண்டு விடாமல் போனதற்கு மதிப்பு அதிகம்.

பழைய கட்டுரையையும் சிபாரிசுக் கடிதங்களையும் அப்படியே அனுப்பலாமா?
- வாசகர், சார்லட், நார்த் கரோலைனா

கடிதங்களை ஏஎம்சிஏஎஸ் அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்காது, எல்லாமே மறுபடி வர வேண்டும். எழுதியவர்களிடம் புதிய தேதியிட்டு, இந்த ஆண்டு செய்ததையும் சேர்த்துத் தரச் சொல்லலாம். புதிதாக ஒருவராவது, இந்த ஆண்டு வேலை செய்த இடத்தின் மேற்பார்வையாளர், எழுதியிருக்க வேண்டும்.

5,300 எழுத்துகளுக்குள் எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் புதிதாகவே எழுதட்டும். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தினால் பழையதேதான் வரும். அனுபவப் பகுதியில் 15 இடம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. "டயாலிசிஸ் பிரிவில் தன்னார்வலர். நோயாளிகளுடன் பழகி இரக்கத்தைக் கற்றேன்" என்று எழுதியிருந்தால், இப்படி மாற்றலாம்: "புதன் மாலைகளில் போர்வை கொடுப்பேன். ஊசி இருக்கும் கையை நாலு மணி நேரம் அசைக்க முடியாது என்பதால் ஒரு பெரியவருக்கு நாளிதழின் பக்கத்தைப் புரட்டித் தருவேன். விளையாட்டுப் பக்கம் கடைசியில்தான் வேண்டும் அவருக்கு." இரக்கம் என்ற சொல்லே இதில் இல்லை, படிப்பவருக்கு அது புரிந்துவிடும்.

டிஓ (ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம்) படித்தால் முழு டாக்டர் இல்லை என்கிறார்களே?
- வாசகி, அட்லான்டா

தவறு. டிஓ படித்தவர் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் முழு உரிமத்தோடு மருத்துவம் பார்க்கலாம், அறுவைச் சிகிச்சையும் செய்யலாம். 2020-இலிருந்து எம்டி (அங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்), டிஓ இருவருக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) அங்கீகாரமும் ஒன்றே. சில சிறப்புத் துறைகளில் எம்டிக்கு வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். விண்ணப்பம் தனி, டிஓ கல்லூரிகளுக்கான ஏஏசிஓஎம்ஏஎஸ் தளம் வழியாகப் போக வேண்டும். சில கல்லூரிகள் ஒரு டிஓ டாக்டரின் கடிதம் கேட்கும். அந்தக் கடிதத்தை ஜூனில் தேடினால் கிடைக்காது, இப்போதே ஒருவரிடம் ஷாடோயிங் (கூட நின்று பார்ப்பது) கேட்டு வைக்கட்டும்.