நவம்பரில் வியட்நாம்: டா நாங் வேண்டுமா?

கேள்வி: நவம்பர் முதல் வாரத்தில் அப்பா, அம்மாவுடன் எட்டு நாள் வியட்நாம் போகிறோம். அவர்களுக்கு 65 வயது தாண்டிவிட்டது, சுத்த சைவம். ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் என்று ஏஜென்சி திட்டம் கொடுத்திருக்கிறது. மழை இருக்குமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: முதலில் ஏஜென்சியைக் கூப்பிட்டு டா நாங்கை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,700 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு நீளமான நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரே சீசன் கிடையாது. நவம்பரில் ஹனோய் இதமாக இருக்கும், தெற்கே மழை ஓய்ந்துகொண்டிருக்கும். நடுவில் இருக்கும் டா நாங், ஹோய் ஆன், ஹுவே பகுதிக்குத்தான் அக்டோபரும் நவம்பரும் உச்ச மழைக்காலம். ஐப்பசியில் நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே கடலில் ஈரத்தை வாங்கிக்கொண்டு மலைத்தொடரில் மோதிக் கொட்டுகிறது. ஹோய் ஆன் பழைய நகரம் ஆற்றங்கரையில் இருப்பதால் வெள்ளம் அதற்குப் பழக்கமானது. 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் மூழ்கின. இதற்குக் குடை போதாது. பா நா மலையில் ராட்சதக் கைகள் தாங்கி நிற்கும் தங்கப் பாலம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி இறங்கினால் கேபிள் காருக்குக் கொடுத்த காசுக்கு வெள்ளைப் புகைதான் தெரியும். டா நாங்குக்கு மார்ச் முதல் மே வரை போனால் அருமை.

அந்த நாட்களை நின் பின் (Ninh Binh) என்ற ஊருக்குக் கொடுங்கள். ஹனோயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே துடுப்புப் படகில் உட்கார்ந்தே சுற்றலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. அப்புறம் ஹா லாங் விரிகுடா. அங்கிருந்து திரும்பி, ஹனோயிலிருந்து தெற்கே விமானத்தில் போய்விடுங்கள், இரண்டு மணி நேரம்தான்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியல் என்று வருவதிலும் மீன் சாஸ் இருக்கும். ஃபோ நூடுல்ஸில் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டாலும் சாறு மாட்டெலும்பில் கொதித்ததுதான். ‘சாய்’ (Chay) என்று பலகை போட்ட கடைகளைத் தேடுங்கள். பௌத்த சைவம் அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் அதிகம். ஒன்று மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சோயாவில் செய்த போலி மீனும் கோழியும் நிஜம் போலவே தட்டில் வரும், பயந்துவிடுவார்கள். ஹோ சி மின் நகரத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர்களே அங்கே கும்பிட வருவதைப் பெற்றோர் ரசிப்பார்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம். இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு சர்வதேச சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையின் அனுமதியை. கடைக்காரர் கேட்காமலே வண்டி கொடுத்துவிடுவார், ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கிராப் செயலியில் கார் கூப்பிடுங்கள். சாலையைக் கடக்கும்போது பைக்குகள் நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஒரே சீராக நடங்கள், பைக்குகள் விலகிப் போகும். பாதியில் பின்வாங்குவதுதான் ஆபத்து.

இ-விசாவை அரசுத் தளத்திலேயே எடுங்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். காசு கொடுக்கும்போது சைபர்களை எண்ணுங்கள். 20,000 டாங், 500,000 டாங் நோட்டுகள் இரண்டுமே நீலம்தான். இரவில் டாக்சிக்குள் வித்தியாசம் தெரியாது.