‘கள்ளம் சொன்னார்’ என்று மனுவில் எழுதலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கிணற்று வழித் தகராறு குறித்து வில்லேஜ் ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதினேன். ‘பக்கத்துத் தோட்டக்காரர் கள்ளம் சொல்லியிருக்கிறார்’ என்ற வரியைப் பார்த்த கோவை உறவினர், ‘அவரைத் திருடன் என்றா எழுதுகிறாய்?’ என்று கேட்டார். எங்கள் வீட்டில் பொய்யைக் கள்ளம் என்றுதான் சொல்வோம். எது சரி?

பதில்: வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், மனுவில் மட்டும் மாற்றிவிடுங்கள்.

மலையாளத்தில் ‘கள்ளம் பறஞ்ஞு’ என்றால் பொய் சொன்னான் என்பதே நேர்ப்பொருள். நீங்கள் ‘பறஞ்ஞு’ இருந்த இடத்தில் ‘சொன்னான்’ என்பதை வைத்துக்கொண்டு, பெயர்ச்சொல்லை அதன் மலையாளப் பொருளோடு அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரு மொழிக்கும் பொதுவான ‘கள்’ என்னும் வேரோ திருடுவதைக் குறிப்பது. திருக்குறளில் ‘கள்ளாமை’ 29-ஆம் அதிகாரம். பொய் பேசாமையைச் சொல்லும் ‘வாய்மை’ தனியாக 30-ஆம் அதிகாரம். ‘பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்’ என்னும் 282-ஆம் குறளில் கள்ளம் என்பது பிறர் பொருளை அவரறியாமல் கவரும் வஞ்சனை.

இன்றைய எழுத்துத் தமிழிலும் கள்ளத்தை யாரும் ‘சொல்வதில்லை’. அது மனத்தில் இருக்கும், அல்லது ‘கள்ளம் கபடமற்றவர்’ என்பதுபோல் இல்லாமல் இருக்கும். இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால், கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ள ஓட்டு, கள்ளக் கணக்கு என்று மறைவாகச் செய்த குற்றத்தைக் காட்டும். குழந்தையின் கள்ளச் சிரிப்பு ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் தண்டனைக்கு உட்படாதது. ஆகவே உங்கள் உறவினர் சற்று அதிகமாகவே பதறிவிட்டார் என்றாலும் (திருடனைக் குறிப்பது கள்ளன், கள்ளம் அல்ல), அந்த வரி தமிழ்நாட்டு வாசகரைத் தடுமாற வைக்கும் என்பது உண்மையே.

அப்படியானால் ‘பொய் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதலாமா? அதையும் நான் தவிர்க்கவே சொல்வேன். பொய் என்பது அகன்ற சொல்: மழை பொய்க்கும், கனவு பொய்க்கும், பொய்க்கால் குதிரை ஆடும், இவற்றில் யாருடைய வஞ்சனையும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் ‘பொய் சொன்னார்’ என்று எழுதியவுடன், உண்மை இன்னதென்று தெரிந்தும் அவர் மாற்றிச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு அதில் ஏறிவிடுகிறது. அவர் தம் தாத்தா சொன்னதை நம்பியே அப்படிச் சொல்லியிருக்கலாம். அவர் மனத்தில் இருந்ததை நிரூபிக்கும் வேலை உங்களுக்கு எதற்கு? புளுகு, புரட்டு, பித்தலாட்டம் ஆகியவை திண்ணைச் சண்டைக்கு உரியவை.

இப்படி எழுதுங்கள்: ‘கிணற்றுக்குச் செல்லும் வழி தமக்கு மட்டுமே உரியது என்று அவர் கூறியிருப்பது உண்மைக்கு மாறானது, எங்கள் கிரயப் பத்திரத்தில் அது பொதுவழி என்றே குறிக்கப்பட்டுள்ளது.’ பத்திரத்தில் உண்மையாகவே அப்படி இருந்தால் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா? இந்த வரியில் ‘ஆதாரம்’ என்று எழுதாமல் கிரயப் பத்திரம் என்றே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கேரளத்தில் ஆதாரம் என்றாலே பத்திரம்தான். தமிழில் அது எந்தச் சான்றையும் குறிக்கும்.

அவர் காட்டும் காகிதமே மோசடியானது என்றால், மலையாளச் செய்திகளில் வரும் ‘வ்யாஜ ரேக’யைத் தமிழாக்கி ‘வியாஜ ரேகை’ என்று எழுதாதீர்கள். தமிழில் வியாஜம் என்பது சாக்குப்போக்கு. உங்களுக்கு வேண்டியது ‘போலி ஆவணம்’.

உங்கள் மனுவை மலையாளம் மட்டும் தெரிந்த அலுவலருக்காக மொழிபெயர்க்க நேர்ந்தால், ‘உண்மைக்கு மாறானது’ என்பதற்கு அங்கே ‘வாஸ்தவவிருத்தம்’ என்ற அலுவலகச் சொல் ஆயத்தமாகவே இருக்கிறது.