தியானத்தில் ஒளி தெரிந்தால் நெற்றிக்கண் திறக்கிறதா?

பொற்றாமரைக் குளத்துப் படியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் நீல வட்டங்கள் தெரிகின்றன, நெற்றிக்கண் திறக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நக்கீரர் விழுந்த குளமாயிற்றே, அப்படித் தோன்றுவது இயல்புதான்!

மூடிய இமையின் ஓரத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வளையம் மினுக்கும். விழித்திரையை எது தூண்டினாலும் மூளைக்கு அது ஒளிதான். பார்க்க எதுவும் இல்லாதபோது மூளையே கோலம் போடும். வலை, சிலந்திவலை, சுரங்கம், சுருள் என உளவியலாளர் ஹைன்ரிச் க்ளூவர் 1920களிலேயே இவற்றை வகைப்படுத்திவிட்டார்.

நிஜமான மூன்றாவது கண் வேலி ஓணானுக்கு உண்டு, உச்சந்தலையில், வெளிச்சத்தை மட்டும் உணரும் புள்ளியாக. மூன்றாவது கண் என்று பலர் சொல்லும், நம் மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனைச் சுரப்பதோடு சரி.

ஆனால் கண் திறந்திருக்கும்போதே திடீரென மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்தால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம்.