ஆலிவ் காயின் முதிர்ச்சியும் எண்ணெயும்: ரகம் தருவது எது, நிலம் தருவது எது?

ஆலிவ் எண்ணெய் குறித்து வந்த கேள்விகள் பலவும், தரத்தைத் தீர்மானிப்பது ரகமா, விளையும் இடமா என்பதையே சுற்றி வருகின்றன. எந்தப் பண்பைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால், கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புட்டியில் ‘பிகுவால்’, ‘அர்பெகினா’ என்று ரகத்தின் பெயரை அச்சிடுகிறார்கள். அதனால் சுவையைத் தவிர வேறு ஏதேனும் தெரியுமா?

எண்ணெய் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பெருமளவில் வளரும் பிகுவாலில், எளிதில் கெடாத கொழுப்பு அமிலமான ஒலீயிக் அமிலம் பெரும்பாலும் 75 சதவீதத்தைத் தாண்டிவிடும்; கசப்பையும் காரத்தையும் தந்து எண்ணெயைக் கெடாமல் காக்கும் பாலிஃபீனால்களும் மிகுதி. ஆகவே அந்த எண்ணெயில் காறல் வாடை எளிதில் வருவதில்லை. அதே நாட்டின் கத்தலோனியாவைச் சேர்ந்த அர்பெகினா மென்மையானது, கசப்புக் குறைந்தது. ஆனால் அதில் எளிதில் கெடும் கொழுப்பு அமிலமான லினோலீயிக் அமிலம் கூடுதலாக இருப்பதால் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஒலீயிக் அமிலத்தை லினோலீயிக் அமிலமாக மாற்றும் நொதிகளை எஃப்ஏடி2 என்ற மரபணுக் குடும்பம் உருவாக்குகிறது. காயின் சதையில் அந்த மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது.

கேள்வி: அப்படியானால் அதே அர்பெகினாவை வேறு நாட்டில் நட்டாலும் அதே எண்ணெய்தானே கிடைக்க வேண்டும்?

கிடைப்பதில்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று அர்ஜென்டினாவின் வடமேற்கில் உள்ள கதமார்கா, லா ரியோஹா மாகாணங்கள். கத்தலோனியாவில் எண்ணெய் சேர்வது கோடையில் தொடங்கினாலும், குளிர்ந்துவரும் இலையுதிர் காலம் வரை நீடிக்கிறது; அர்ஜென்டினாவின் அந்த வறண்ட பள்ளத்தாக்குகளிலோ கடும் வெப்பம் நிலவும் மாதங்களிலேயே அதில் பெரும்பகுதி நடந்து முடிகிறது. விளைவாக அங்கு விளையும் அர்பெகினாவில் ஒலீயிக் அமிலம், சர்வதேச ஆலிவ் கவுன்சில் விதித்துள்ள 55 சதவீதக் கீழ்வரம்புக்கும் கீழே இறங்கிய ஆண்டுகள் உண்டு. குச்சி நடவில் பெருக்கிய மரம் என்பதால் மரபணு ஒன்றுதான், வெப்பநிலைதான் வேறு. அதே பகுதியில் கொராட்டினா, பிகுவால் போன்ற ரகங்களிலும் ஒலீயிக் அமிலம் குறைகிறது என்றாலும், உயர்ந்த நிலையிலிருந்து குறைவதால் அவை பொதுவாக வரம்புக்குள் நின்றுவிடுகின்றன.

சூரியகாந்தியை அறிந்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வழக்கமான சூரியகாந்தி ரகங்களில் வெப்பம் கூடினால் ஒலீயிக் அமிலம் உயரும். ஆலிவின் சதையில் அது குறையும், மொத்த எண்ணெய்ச் சேர்மானமும் குறையும். ஒரு பயிரில் கண்டதை வைத்து மற்றொன்றைக் கணிப்பது இங்கே முற்றிலும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வரம்பு மீறுவதெல்லாம் வெப்பத்தால் மட்டும் நேர்வதில்லை. இஸ்ரேலிய ரகமான பார்னியா ஆஸ்திரேலியாவில் விளையும்போது, ஸ்டெரால்களில் (தாவரங்களில் இயல்பாக இருக்கும் கொழுப்புப் பொருள்கள்) கேம்பெஸ்டிரால் என்பதன் பங்கு அனுமதிக்கப்பட்ட 4 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. இது பெரும்பாலும் அந்த ரகத்தின் இயல்பு. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வகுத்த வரம்புகள், கலப்படமே இல்லாத எண்ணெயையும் வெளியே தள்ளுவது விவசாயிக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பக்கத்துத் தோப்பின் வேறு ரக மகரந்தம் பட்டால் எண்ணெய் மாறிவிடுமா?

மாறாது. எண்ணெயின் பெரும்பகுதி இருக்கும் சதை முழுக்கத் தாய் மரத்தின் திசு. மகரந்தத்தின் மரபணு விதைக்குள் மட்டுமே சேரும். பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தால் சரிவரக் காய்ப்பதில்லை என்பதால், அயல் ரகம் அருகில் இருப்பது நன்மையே.

கேள்வி: நன்கு கறுத்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம் என்கிறார்கள். பிறகு ஏன் பச்சையாகவே பறிக்கிறார்கள்?

நிறமும் எண்ணெயும் ஒன்றாக நடைபோடுவதில்லை. நூறு காய்களை எடுத்து, தோலின் நிறத்தையும் சதையின் நிறத்தையும் பார்த்து 0 முதல் 7 வரை முதிர்வுக் குறியீடு கணக்கிடுவது வழக்கம். ஆனால் இத்தாலியின் லெச்சினோ சீக்கிரமாக, ஏறக்குறைய எல்லாக் காயும் ஒருசேரக் கறுக்கும். ஃபிராந்தோயோ தாமதமாக, விட்டுவிட்டுக் கறுக்கும். ஆகவே ஒரே குறியீட்டு எண் இரண்டு ரகங்களிலும் ஒரே பொருளைத் தராது. காய்ப்பு மிகுந்த ஆண்டில் மரம் முழுவதும் முதிர்ச்சி பிந்துகிறது. குறைந்த ஆண்டில் முந்துகிறது.

மேலும், பருவத்தின் கடைசியில் எண்ணெய் விழுக்காடு ஏறுவதுபோல் தோன்றுவதில் ஒரு பங்கு, காய் நீரை இழப்பதால் வருவது. உலர் எடையில் கணக்கிட்டால், அதற்கு முன்பே எண்ணெய்ச் சேர்மானம் ஏறக்குறைய நின்றுவிட்டிருப்பது தெரியும். அந்த இடைவெளியில் ஒலியூரோபீனும் பிற பாலிஃபீனால்களும் குறைந்துகொண்டே போகின்றன. அவற்றுள் ஒன்றான, தொண்டையில் காரமாக உறைக்கும் ஓலியோகாந்தால், இபுப்ரோஃபென் மருந்தைப் போல அழற்சியைத் தணிக்கிறது என்பது 2005இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. எண்ணெயில் 20 கிராமுக்கு 5 மில்லிகிராமாவது ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பாலிஃபீனாலும் அதன் வழிப்பொருள்களும் இருந்தால்தான் பாலிஃபீனால் நலன் பற்றி விளம்பரப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. தரத்தை நாடுபவர் அளவைச் சற்று இழந்தாலும் முந்திப் பறிப்பதன் காரணம் இதுவே. புட்டியில் ரகத்தின் பெயரோடு அறுவடை மாதமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நீர் பாய்ச்சினால் கசப்பு குறையும் என்பது உண்மையா?

உண்மை. நீர் தாராளமாகக் கிடைக்கும் மரத்தின் எண்ணெயில் பாலிஃபீனால் குறைவு. வறட்சியைத் தாங்கிய மரத்தில் மிகுதி. கொழுப்பு அமிலங்களின் விகிதத்தை நீர் அவ்வளவாக மாற்றுவதில்லை. நடுக்கோடையில் கொட்டை இறுகும் கட்டத்தில் நீரைக் குறைத்து, எண்ணெய் சேரும் கட்டத்தில் மீண்டும் கொடுப்பதே பல தோப்புகளில் கடைப்பிடிக்கப்படும் நல்ல முறை.

கேள்வி: சென்னையில் ஆலிவ் மரம் வளர்க்கலாமா?

மரம் வளரும், காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூமொட்டு உருவாக, ரகத்துக்கு ஏற்பக் கூடியோ குறைந்தோ, குளிர்காலக் குளிர் தேவை. அர்பெகினா போன்றவை குறைந்த குளிரிலேயே பூக்கும் என்றாலும், சனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் சென்னையின் வெப்பநிலை அவற்றுக்கும் போதாது. இலை அழகுக்காகத் தொட்டியில் வைப்பதாக இருந்தால், நீர் தேங்காத மண்ணும் முழு வெயிலும் போதும்.