விட்டுப்போன வாடிக்கையாளர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணிகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எந்த வாடிக்கையாளர் கடையை விட்டுப் போவார் என்று கணிப்பதுதான் தலைப்பு. யூசிஐ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தின் ‘ஆன்லைன் ரீடெய்ல்’ தரவை எடுத்துக்கொண்டேன். 90 நாளாக எதுவும் வாங்காதவரைப் ‘போனவர்’ என்று குறித்தேன். கடைசியாக வாங்கி எத்தனை நாள், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு பணம் என்ற மூன்றையும் உள்ளீடாகக் கொடுத்து ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்துக் கணிக்கும் முறை) ஓட்டினேன். 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வருகிறது. நெறியாளரோ, “இதில் கணிதம் எங்கே?” என்கிறார். டீப் லேர்னிங் சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

டீப் லேர்னிங் வேண்டாம். முதலில் அந்த 99ஐப் பார்ப்போம். 90 நாள் வராதவர் போனவர் என்பது நீங்கள் வகுத்த விதி. கடைசியாக வந்து எத்தனை நாள் என்பதையும் உள்ளே கொடுத்துவிட்டீர்கள். மாடல் அந்த எண் 90ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது. நீங்கள் எழுதிய விதியை உங்களுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது. கணிப்பு எதுவும் நடக்கவில்லை.

உங்கள் நெறியாளர் கேட்டது மிகச் சரியான கேள்வி. செல்போன் போஸ்ட்பெய்டு இணைப்பில் விலகிய தேதி பதிவேட்டில் இருக்கும். கடையில் அப்படி இல்லை, “இனி வரமாட்டேன்” என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆகவே ‘போனவர்’ என்பது உங்கள் தரவில் இல்லாத நெடுவரிசை. பார்க்க முடியாத ஒன்றை, பார்த்தவற்றிலிருந்து ஊகிப்பதற்குத்தான் கணிதம் தேவைப்படுகிறது. ஷ்மிட்லைன், மாரிசன், கொலம்போ மூவரும் 1987இல் பரேட்டோ/என்பிடி என்ற நிகழ்தகவு மாடலைத் தந்தது இதற்காகவே. அதையே எளிதாக்கி ஃபேடர், ஹார்டி, லீ 2005இல் பீஜி/என்பிடியைத் தந்தார்கள். நீங்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

பீஜி/என்பிடியின் கதை சின்னது. ஒருவர் தனக்கென்று ஒரு சராசரி வேகத்தில், ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரங்களில் (பாய்சான் முறைப்படி) வாங்குகிறார். அந்த வேகம் ஆளுக்கு ஆள் காமா பரவலில் மாறும். ஒவ்வொரு மறுகொள்முதலுக்குப் பிறகும் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார், தலை விழுந்தால் இனி வரமாட்டார். அந்த நாணயத்தின் சாய்வு பீட்டா பரவலில் மாறும். காமாவுக்கு இரண்டு, பீட்டாவுக்கு இரண்டு, மொத்தம் நான்கே அளவுருக்கள். எக்செல் சால்வரிலேயே பொருத்திவிடலாம்.

தரவுக்கு வருவோம். இது பிரிட்டனில் பரிசுப் பொருள் விற்கும் ஓர் இணையக் கடையின் 5,41,909 வரிகள், 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரை. அதில் 1,35,080 வரிகளில் வாடிக்கையாளர் எண்ணே இல்லை. அவற்றை விட்டுவிடுங்கள், எத்தனை விட்டீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். ரத்தான பில்கள் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். பலரும் அவற்றை மட்டும் நீக்குகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. 2011 ஜனவரி 18 அன்று ஒருவர் 74,215 பீங்கான் ஜாடிகளுக்கு ஆர்டர் போட்டு, சில நிமிடங்களிலேயே ரத்து செய்திருக்கிறார். ரத்து வரியை மட்டும் எடுத்தால், எதுவுமே வாங்காத அவர் 77,183.60 பவுண்டுக்கு வாங்கியவராக நிற்பார். ரத்தையும் அதன் மூல பில்லையும் ஜோடி சேர்த்து, இரண்டையும் நீக்க வேண்டும். தபால் கட்டணம், வங்கிக் கட்டணம், தள்ளுபடி வரிகளும் பொருள்கள் அல்ல, அவையும் போகட்டும்.

பிறகு காலத்தில் ஒரு கோடு கிழியுங்கள். 2011 ஆகஸ்ட் 31 வரையான 274 நாள் மாடலைப் பொருத்த, மீதி 100 நாள் சோதிக்க. வாடிக்கையாளர்களை ரேண்டமாக 80க்கு 20 என்று பிரித்தால் இந்த வேலை ஆகாது. முதல் பகுதியில் ஆளுக்கு மூன்று எண்கள் போதும்: மறுகொள்முதல் எத்தனை, முதல் கொள்முதலிலிருந்து கடைசிக் கொள்முதல் வரை எத்தனை வாரம், முதல் கொள்முதலிலிருந்து கோடு வரை எத்தனை வாரம். ஒரே நாளில் மூன்று பில் போட்டாலும் ஒன்றாக எண்ணுங்கள். முதல் கொள்முதலை மறுகொள்முதலில் சேர்க்காதீர்கள். எண்ணிக்கையில் இந்த ஒன்று கூடிப்போனால் நிரல் தவறான விடை தரும்.

உங்கள் நிரல் சரியா என்று பார்க்கச் சிடிநவ் தரவு இருக்கிறது. 1997இன் முதல் காலாண்டில் அந்த அமெரிக்க இசைத்தட்டுக் கடைக்குப் புதிதாக வந்தவர்களில் 2,357 பேர், 39 வாரம். வாரக் கணக்கில் காமாவின் ஆர் 0.243, ஆல்ஃபா 4.414, பீட்டாவின் ஏ 0.793, பி 2.426 வர வேண்டும். வராவிட்டால் உங்கள் தரவைத் தொடாதீர்கள், நிரலைத் திருத்துங்கள். காமா, பீட்டா சார்புகளை எல்லாம் மடக்கையிலேயே (லாக்) கணக்கிடுங்கள். நேரடியாகப் பெருக்கினால் அடிக்கடி வாங்கும் மொத்த வியாபாரிகளிடம் எண் கணினியின் கொள்ளளவைத் தாண்டிவிடும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பீஜி/என்பிடியில் ஒரே முறை வாங்கியவர் எத்தனை மாதம் வராவிட்டாலும் ‘இருக்கிறார்’ என்பதன் நிகழ்தகவு 1 என்றே வரும். நாணயம் சுண்டுவது மறுகொள்முதலுக்குப் பிறகுதானே. அவர்களுக்கு, முதல் கொள்முதலுக்குப் பிறகும் நாணயம் சுண்டும்படி திருத்தப்பட்ட எம்பீஜி/என்பிடியையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, 2010 டிசம்பரில் முதலில் தென்படுபவர்களில் பலர் பழைய வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள், தரவு அங்கே தொடங்குவதால் புதியவர்போலத் தெரிகிறார்கள். அவர்களை விலக்கி, 2011 ஜனவரி முதல் மார்ச் வரை வந்தவர்களை மட்டும் வைத்தும் ஒருமுறை பொருத்துங்கள். மூன்றாவது, சோதனைக் காலம் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம். வேகம் மாறாது என்று கொள்ளும் மாடல் மொத்த எண்ணிக்கையைக் குறைத்தே சொல்லும். அதனால் ஆட்களை அது சரியாக வரிசைப்படுத்துகிறதா என்பதையும் தனியே பாருங்கள்.

உங்கள் 90 நாள் விதியைத் தூக்கிப் போடாதீர்கள். வூபன், ஃபான் வாங்கன்ஹைம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் இத்தகைய எளிய விதியை, சிடிநவ் உட்பட மூன்று தரவுகளில், பரேட்டோ/என்பிடியோடு மோதவிட்டார்கள். யார் இனி வருவார் என்று பிரிப்பதில் எளிய விதி சளைக்கவில்லை. ஆகவே அதே 100 நாளில் உங்கள் விதி, பீஜி/என்பிடி, கோட்டுக்கு முந்தைய தரவை மட்டும் வைத்துப் பழக்கிய ரேண்டம் ஃபாரஸ்ட் மூன்றையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். ரேண்டம் ஃபாரஸ்டுக்கு இலக்கு ‘போனவர்’ அல்ல, அடுத்த 100 நாளில் வாங்கினாரா இல்லையா என்பதுதான்; பழக்கும்போது கோட்டுக்கு முன்னுள்ள கடைசி 100 நாளை இலக்காக வையுங்கள். துல்லியம் 99இலிருந்து வெகுவாக இறங்கும். இறங்கிய அந்த எண்ணையே நெறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்