“எல்லாம் மாயை” என்பதை எப்படி வாசிப்பது? ஞான நூல்கள் குறித்த கேள்வி பதில்

விவிலியத்தின் ஞான நூல்களான யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகிய மூன்றையும் இந்த லெந்து என்னும் தவக்கால நாட்களில் சேர்ந்து வாசித்த மதுரை வட்டாரத்து நண்பர்கள் சில கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கேள்வி (நரிமேடு): ஸ்தோத்திரம் ஐயா. “எல்லாம் மாயை” என்று பிரசங்கி சொல்லும் மாயையும், மீனாட்சி கோயில் ஆடிவீதிச் சொற்பொழிவில் நான் கேட்ட மாயையும் ஒன்றா? உலகம் பொய் என்று வேதம் சொல்கிறதா?

பதில்: இல்லை, தம்பி. எபிரேய மூலத்தில் அங்கே நிற்கும் சொல் ‘ஹெபெல்’. மூச்சு, ஆவி என்பதே அதன் நேர்ப்பொருள். இட்லிப் பானையைத் திறந்தவுடன் எழும் ஆவியை நினைத்துப் பாருங்கள். அது பொய்யன்று, கண்ணுக்குத் தெரிகிறது, கையைச் சுடவும் செய்கிறது, ஆனால் பிடித்து வைக்க முடியாது. இளமையிலேயே கொல்லப்பட்ட ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான் என்பது என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. சைவ சித்தாந்தத்தில் மாயை உயிரைப் பிணிக்கும் மும்மலங்களுள் ஒன்று, உலகத்துக்கு முதற்காரணம்; அத்வைதத்தில் அதன் பொருள் வேறு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லை எடுத்தாண்டபோது அந்தச் சிந்தனைகளின் சாயலும் கூடவே வந்துவிட்டது. கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது. அதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை, ஏனெனில் அது பயனின்மையைச் சொல்கிறதே தவிர நிலையாமையைச் சொல்லவில்லை. உலகமே பொய்யென்றால், உன் ஆகாரத்தைச் சந்தோஷத்துடன் புசி என்று ஒன்பதாம் அதிகாரத்தில் அதே பிரசங்கி சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி (பசுமலை): பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கச் சொல்லும் வசனங்களை ஆசிரியையான நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தப் பிரம்பு மேய்ப்பனின் கோல்தான் என்று சிலர் மென்மையாக விளக்குவார்கள். நீதிமொழிகளின் இருபத்துமூன்றாம் அதிகாரம் அடிப்பதையே சொல்வதால், அதை மறைப்பது நேர்மையாகாது. அது அக்காலத்து வளர்ப்பு முறை. நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அதைத் தடையும் செய்கிறது.

கேள்வி (மேலூர்): நீதிமொழிகளின் ஒரு பகுதி எகிப்தியரிடமிருந்து வந்தது என்கிறார்களே, ஐயா. அப்படியானால் அது தேவனுடைய வார்த்தையா?

பதில்: 22ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்திலிருந்து தொடங்கும் பகுதிக்கும், அமெனெமோப்பே என்னும் எகிப்தியரின் அறிவுரை நூலுக்கும் உள்ள நெருக்கத்தை 1924இல் அடோல்ஃப் எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். அதன் பாப்பிரஸ் சுருள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லைக்குறியை மாற்றாதே என்ற கட்டளை இரண்டிலும் உண்டு. எல்லைக்கல் நகர்ந்ததால் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோன ஊர்களை அறிந்த உங்களுக்கு, அந்த அறிவு நைல் கரையிலும் எருசலேமிலும் ஒன்றாகவே இருந்ததில் வியப்பிருக்காது. உண்மை எங்கே கிடைத்தாலும் அதைத் தேவனுடையதாக ஏற்றவர்கள் நீதிமொழிகளைத் தொகுத்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி (திருமங்கலம்): “கர்த்தர் நீதிமான்களைப் பசியினால் வருந்தவிடார்” என்று நீதிமொழிகள் சொல்கிறது. நேர்மையாக வாழ்ந்த என் தந்தை, மழை பொய்த்துக் கடனோடு இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள், ஏதோ மறைவான பாவம் இருந்திருக்கும் என்றார்கள்.

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியை வேதமே உங்களுக்கு முன் கேட்டிருக்கிறது. தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானும் உண்டு என்று பிரசங்கி ஏழாம் அதிகாரத்தில் எழுதுகிறார். நல்லவனின் கேடு எண்ணிப் பார்க்கத் தக்கது என்று 169ஆம் குறளும் சொல்கிறது. நீதிமொழி என்பது பெரும்பாலும் நடப்பதைச் சொல்வது. பத்திரத்தில் எழுதித் தரும் உறுதி அன்று. அதை உறுதியாக எடுத்துக்கொண்டு துன்பப்படுகிறவனிடம் பாவம் தேடியவர்கள்தான் யோபுவின் நண்பர்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவோடு ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகு அவர்கள் சொன்னது நிதானமானதன்று என்று கடைசி அதிகாரத்தில் கர்த்தரே தீர்ப்பளிக்கிறார். தேவனிடமே வழக்காடிய யோபுவின் பேச்சையே நிதானமானது என்கிறார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதும் அந்தத் தீர்ப்புக்கு உட்பட்டதே. இப்போதைக்கு, யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கும் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். கர்த்தர் பேசும் முப்பத்தெட்டாம் அதிகாரத்துக்கு விரைய வேண்டாம். யோபுவும் அங்கே விரைவாக வந்து சேரவில்லை.