தண்ணீர்ச் சொட்டுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயலுக்குப் போகிறவர்கள், லாரிக்காரர், திருவாரூர் ஆபீஸ், சென்னையில் இருந்து கணக்கு பார்ப்பவர் என்று மொத்தம் ஒன்பது பேர். அன்றாட நிலவரத்தை எல்லாரும் ஆன்லைனில் ஒரே போர்டில் பதிகிறோம். எழுத்தைக் குறைக்கலாமே என்று 40 ஐகான் சேர்த்தேன். குழப்பம்தான் கூடியிருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் போர்டின் படத்தைப் பார்த்ததும் கண்ணில் பட்டது அந்தத் தண்ணீர்ச் சொட்டுதான். வயலில் நிற்பவருக்கு அது 'வாய்க்காலில் தண்ணி வந்தாச்சு, மடையைத் திற'. லாரிக்காரருக்கு மழை, தார்ப்பாயை எடு. ஆபீஸில் இருப்பவருக்கோ நெல்லின் ஈரப்பதம். வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தகராறு. மூன்று பேரில் யாரும் தப்பாகப் படிக்கவில்லை. ஐகான் ஒரு பொருளைக் காட்டும். அந்தப் பொருளுக்கு என்ன ஆச்சு என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஆகவே பொருளுக்கு ஐகான் வையுங்கள். நடந்ததை வார்த்தையில் எழுதுங்கள். லாரி, சாக்கு, நாற்று, டிராக்டர் எல்லாம் படமாகட்டும். 'வந்தது', 'நிற்கிறது', 'திருப்பி அனுப்பிட்டாங்க' என்பவை தமிழிலேயே இருக்கட்டும். இப்படிப் பிரித்தால் 40 ஐகான் தானாகவே பத்துப் பன்னிரண்டுக்கு வந்துவிடும். அந்தப் பத்துக்கும் கீழே பெயரை எழுதிவிடுங்கள். 'படம் போட்ட பிறகு பெயர் எதற்கு' என்று கேட்பவர்களிடம் நம்மூர்ச் சுவரைக் காட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்றுதான் 1951-52 தேர்தலிலேயே சின்னம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் இரட்டை இலையையோ உதயசூரியனையோ வரைகிறவர் பக்கத்தில் அதன் பெயரையும் எழுதாமல் போவதில்லை.

இன்னொன்று. 100 சிப்பத்துக்கு (நெல் மூட்டைக்கு) சின்ன மூட்டைப் படம், 300 சிப்பத்துக்குப் பெரிய மூட்டைப் படம் போட்டிருக்கிறீர்கள். உயரத்தை மூன்று மடங்காக்கினால் படம் அடைக்கும் இடம் ஒன்பது மடங்காகிவிடும். கண்ணுக்கு 900 சிப்பம் மாதிரித் தெரியும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் புள்ளிவிவரங்களைச் சாதாரண ஜனங்களுக்குப் படமாகக் காட்டக் கிளம்பியபோது வைத்துக்கொண்ட விதியே இதுதான்: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் திரும்பப் போடு. 300 சிப்பம் என்றால் ஒரே அளவில் மூன்று மூட்டை. சென்னையில் இருப்பவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

கட்டைவிரல் எமோஜி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கே அடிபட்ட அனுபவம் உண்டு. 'நாளைக்கு விடியக்காலம் லோடு ஏத்தணும்' என்று குரூப்பில் போட்டேன். நாலு கட்டைவிரல் வந்தது. காலையில் ஒருவர்தான் வந்திருந்தார். மற்ற மூவருக்கு அது 'பார்த்தேன்', எனக்கு 'வருகிறேன்'. கும்பிடும் கை இன்னும் மோசம்: வணக்கம், நன்றி, ஆளை விடுங்கள், சாவுச் செய்திக்கு அஞ்சலி, எல்லாம் அதுவேதான். கட்டைவிரல் என்றால் 'பார்த்தேன்' மட்டும், வேலையை ஏற்றுக்கொண்டால் 'நான்' என்று எழுத வேண்டும் என முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

முடிந்தது பச்சை, நிற்பது சிவப்பு என்று ஒரே வட்டத்தை நிறம் மாற்றியும் வைக்காதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. போதாக்குறைக்கு, உச்சி வெயிலில் வரப்பில் நின்று போனைப் பார்த்தால் எல்லா நிறமும் ஒன்றுதான். முடிந்ததற்கு டிக், நிற்பதற்குப் பெருக்கல் குறி என்று உருவமே மாறட்டும். எமோஜியாக இருந்தால் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி வரைந்திருப்பார்கள். பழைய போனில் புது எமோஜி வெறும் கட்டமாக நிற்கும். (நம்மில் பலர் கோதுமை என்று நினைக்கும் அந்தக் கதிர் எமோஜிக்கு, எமோஜிகளுக்குப் பொதுத் தரம் வகுக்கும் யூனிகோடு வைத்த பெயர் நெற்கதிர்தான். தைரியமாகப் போடலாம்.)

மிச்சமானவற்றைச் சோதிக்க ஒரு வழி: ஐகானை மட்டும், பெயரில்லாமல், லாரிக்காரருக்கு அனுப்பி 'அண்ணே, இது என்ன?' என்று கேளுங்கள். 'இது நடவுதானே?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார். நாற்றுமுடி (நடவுக்குக் கட்டி வைக்கும் நாற்றுக் கட்டு) மாதிரி நம்மூர்ப் பொருளுக்கு இணையத்தில் ஐகான் தேடி ராத்திரியைக் கழிக்காதீர்கள். வரப்பில் ஒரு முடியை வைத்து போட்டோ எடுங்கள், பின்னணியை அழித்துவிட்டு அதையே போடுங்கள்.